பீசோ பிக்கப்பின் துள்ளலை அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர்

வியாசர்பாடி கானா கச்சேரியில் டோலக்கானாலும் சரி, ராயபுரம் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டாரானாலும் சரி, பீசோ பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் தகடு) ஒட்டியவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான். மெதுவாக வாசித்தால் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் அழுத்தி வாசித்தால் ‘படக்’, ‘கொர்’ என்று சத்தம் உடைகிறது. மைக்செட் அண்ணன் ஃபேடரை இறக்குகிறார். உடைந்த சத்தம் சின்னதாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

காரணம் எளிது. பீசோ தகட்டின் மேல் விழும் அடி பலமாக இருந்தால் அது ஒரு கணத்துக்குப் பல வோல்ட் வரை தள்ளிவிடும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன சர்க்யூட்) மேலும் கீழும் நாலரை வோல்ட்டுக்குமேல் ஆட முடியாது. அந்த எல்லையில் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டது முதல் படியிலேயே என்பதால், அதற்குப் பிறகு எந்தக் குமிழைத் திருகினாலும் போன தலை திரும்பாது. ஆகவே அடக்குவதை ப்ரீஆம்புக்கு முன்னால், பீசோவின் பக்கத்திலேயே செய்ய வேண்டும். அதற்குச் சில ரூபாய் விலையுள்ள ஒரு கெப்பாசிட்டர் போதும். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தே இராதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் சமாளித்துவிடலாம்.

பீசோவே ஒரு கெப்பாசிட்டர்தான்

பஸ்ஸரைப் பிரித்தால் உள்ளே கிடைக்கும் வட்டத் தகட்டைப் பாருங்கள். கீழே மஞ்சள் நிறப் பித்தளை. அதன்மேல் மெல்லிய பீங்கான் வட்டம். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் லெட் சிர்கோனேட் டைட்டனேட் என்ற கலவை. அதற்கும் மேலே வெள்ளிப் பூச்சு. பீங்கான் வளைந்தால் அதன் இரு முகங்களிலும் மின்னூட்டம் சேரும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880-இல் பிரான்ஸில் ஜாக் க்யூரி, பியேர் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்த அதே விஷயம்தான் இது.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. மின்சாரம் கடத்தும் இரண்டு தகடுகள், நடுவில் கடத்தாத ஒரு பொருள் என்றால் அது கெப்பாசிட்டர். பீசோவின் அமைப்பும் அதேதான். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகடு சுமாராக 20 நானோ ஃபாரட் இருக்கும். கடையில் வாங்கும் ஐந்து தகடுகளை அளந்தால் ஐந்தும் ஐந்து விதமாகக் காட்டும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கிட்டார் சாடிலுக்கு, அதாவது பிரிட்ஜில் தந்திகள் தாங்கி நிற்கும் துண்டுக்கு, அடியில் ஒளிந்திருக்கும் பட்டைப் பிக்கப் இதைவிட மிகச் சிறியது. அநேகமாகச் சில நூறு பிக்கோ ஃபாரட்தான். 1,000 பிக்கோ சேர்ந்தால் 1 நானோ.

ஒரு அடிக்குப் பீசோ தருவது குறிப்பிட்ட அளவு மின்னூட்டம். மெட்ரோ தண்ணி லாரியில் பிடித்த ஒரு குடம் தண்ணீரை, அடியில் குழாய் வைத்து இணைத்த இரண்டு குடங்களில் விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதே தண்ணீர், மட்டம் மட்டும் பாதி. மட்டம்தான் வோல்ட். பீசோவோடு பக்கவாட்டில் இன்னொரு கெப்பாசிட்டரை, அதாவது ஒரு காலை சிக்னல் ஒயரிலும் மறு காலை எர்த்திலும் வைத்தால், பீசோ தந்த மின்னூட்டம் இரண்டுக்கும் பகிர்ந்து வோல்ட் இறங்கிவிடும். மிச்சமாகும் பங்கு: பீசோவின் அளவை, பீசோவும் புதிய கெப்பாசிட்டரும் சேர்ந்த அளவால் வகுத்தால் வருவது.

வால்யூம் குமிழ் போட்டாலே போதாதா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அதுவும் ஒரு ரெசிஸ்டர்தான், பீசோவுக்கு நேர் பின்னால் வரும் எந்த ரெசிஸ்டரும் பாஸைத் தின்னும். பீசோவும் ரெசிஸ்டரும் சேர்ந்தால் ஓர் எல்லைக்குக் கீழேயுள்ள கீழ்ச்சுரங்கள் மெலியும். அந்த எல்லை ஹெர்ட்ஸில் எவ்வளவு என்றால், 1-ஐ 6.28, ரெசிஸ்டரின் ஓம், கெப்பாசிட்டரின் ஃபாரட் மூன்றையும் பெருக்கியதால் வகுக்க வேண்டும். 500 பிக்கோ பட்டைப் பிக்கப்பை 1 மெகா ஓம் இன்புட்டில் சொருகினால் எல்லை சுமார் 320 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்தால், தொலைந்தது எவ்வளவு என்று புரியும். அதே பிக்கப்புக்கு 10 மெகா ஓம் கிடைத்தால் எல்லை 32-க்கு இறங்கும்.

பக்கவாட்டுக் கெப்பாசிட்டர் அப்படிச் செய்யாது. அது மேல், நடு, கீழ் என்று பார்க்காமல் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் குறைக்கிறது. கூடவே, மொத்த ஃபாரட் ஏறிவிடுவதால் அந்த எல்லையும் கீழே நகர்கிறது. அளவு குறைய வேண்டும், குணம் மாறக் கூடாது என்றால் இதுதான் வழி.

வாங்கும் முன் ஒரு சோதனை

எல்லாக் கொரகொரப்புக்கும் கெப்பாசிட்டர் மருந்தல்ல. ப்ரீஆம்ப் அல்லது மிக்ஸரின் கெய்ன் குமிழை முழுக்கக் குறையுங்கள். இப்போது வழக்கத்தைவிட மெதுவாக வாசியுங்கள். மெதுவான வாசிப்பு சுத்தமாகவும், அடித்து வாசிக்கும்போது மட்டும் உடைவாகவும் இருந்தால், சிக்னல் அதிகம், மேலே படிக்கலாம். மெதுவாக வாசிக்கும்போதே கீச்சென்று, மூக்கால் பேசுவதுபோல் கேட்டால், குற்றம் தகடு ஒட்டிய இடத்திலோ ஒட்டிய விதத்திலோ இருக்கிறது. கெப்பாசிட்டர் போட்டால் அதே அசிங்கம் குறைந்த அளவில் கேட்கும்.

எனவே இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். கிட்டாரில் பிரிட்ஜுக்கு நேர் அடியில், பெட்டிக்குள் கைவிட்டால் தட்டுப்படும் கட்டையில் தொடங்கலாம். டபுள் சைட் டேப்பில் தற்காலிகமாக ஒட்டி, ஒரு விரல் அகலம் நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். ஓரம் தொங்கினால் தகடு தானாகவே பாடும், அதனால் முழு முகமும் மரத்தில் படிய வேண்டும். பஞ்சு வைத்த டேப் அதிர்வை விழுங்கிவிடும், மெல்லியதே நல்லது. இடம் முடிவான பிறகு ஃபெவிக்விக். டோலக்கில் தோலில் ஒட்டாதீர்கள், தோலின் ஆட்டமும் கெடும், தகட்டின் ஒயரும் இரண்டு பாட்டில் அறுந்துவிடும். கட்டையின் உள்பக்கமோ விளிம்புக்குப் பக்கமோ போதும். அங்கேயே வேண்டியதற்குமேல் சத்தம் வரும்.

கடையில் கேட்க வேண்டியது

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு தூரமில்லை. தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடலாம். உள்ளே போனதும் போன், லேப்டாப் கடைகளைத் தாண்டுங்கள். நமக்கு வேண்டியது டப்பா டப்பாவாகச் சின்னச் சாமான்கள் அடுக்கி வைத்திருக்கும் உதிரிபாகக் கடை. கவுண்டரில் கூட்டமாக இருக்கும். “ஆடியோவுக்கு நல்ல கெப்பாசிட்டர் இருக்கா?” என்று இழுத்தால் பின்னால் நிற்பவர் முன்னால் வந்துவிடுவார். “அண்ணே, மைலார் 223, 473, 104, ஒவ்வொண்ணும் அஞ்சு” என்றால் சட்டென்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

அந்த மூன்று இலக்கங்களை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் எண், மூன்றாவது அதன்பின் எத்தனை பூஜ்யம் என்பது. விடை பிக்கோ ஃபாரட்டில். 473 என்றால் 47-க்குப் பின்னால் மூன்று பூஜ்யம், 47,000 பிக்கோ, அதாவது 47 நானோ. 223 என்றால் 22 நானோ. 104 என்றால் 100 நானோ. 102 என்றால் 1 நானோ. முன்னால் 2ஏ என்று இருந்தால் 100 வோல்ட் தாங்கும். பின்னால் ஜே இருந்தால் அளவு 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், கே இருந்தால் 10 சதவீதம். நமக்கு எதுவானாலும் பரவாயில்லை.

வகையில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். மைலார் என்று கடையில் சொல்லும் பாலியெஸ்டர் ஃபிலிம் வகை, பச்சையாகவோ சின்னப் பெட்டி வடிவிலோ இருக்கும், அது போதும். பழுப்பு நிற வட்டமான 104 செராமிக்கை வாங்காதீர்கள். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பேரியம் டைட்டனேட் சார்ந்த பீங்கான், அதாவது அதுவும் ஒரு பீசோ. ஒரு பென்சிலால் தட்டினால் அதுவே சத்தம் எழுப்பும். வோல்ட் ஏற ஏற அளவும் மாறும். கிட்டார் பெட்டிக்குள் அதை வைப்பது இன்னொரு மோசமான பிக்கப் வைப்பதற்குச் சமம். சாடில் பட்டைக்கு வேண்டிய சின்ன அளவுகளில் செராமிக்தான் கிடைக்கிறது என்றால் என்பிஓ என்று கேட்டு வாங்குங்கள், அந்த வகையில் இந்தத் தொல்லை இல்லை. பிளஸ் மைனஸ் போட்ட எலக்ட்ரோலைட்டிக் வேண்டவே வேண்டாம். வீட்டில் ஃபேனுக்கு மாற்றிய பழைய கெப்பாசிட்டர் கிடக்கிறதே என்று சிலர் எடுத்து வருவார்கள், 2.5 மைக்ரோ ஃபாரட் என்றால் 2,500 நானோ. அதைப் போட்டால் கிட்டார் ஊமையாகிவிடும்.

மற்றவை: பி 38 மோனோ சாக்கெட் (கிட்டார் ஒயர் சொருகும் கால் இன்ச் சாக்கெட்) ஒன்று, ஒரு மீட்டர் ஷீல்டு ஒயர், முதலைக் கிளிப் இரண்டு ஜோடி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கொஞ்சம், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பி. கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. அக்கம்பக்கத்தில் போன் சர்வீஸ் கடை இருந்தால் அங்கேயே ஒரு நிமிடம் கேட்டு அளந்துகொள்ளலாம்.

அளப்பதும் கணக்கும்

தகட்டின் இரண்டு ஒயரையும் முதலில் ஒன்றோடொன்று தொடவிடுங்கள். கை பட்டதில் சேர்ந்த மின்னூட்டம் இறங்கிவிடும். பிறகு தகட்டை மேசையில் வைத்து, விரல் படாமல், கெப்பாசிட்டர் ரேஞ்சில் அளந்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மீட்டரே இல்லையென்றால் 27 மில்லிமீட்டர் தகட்டுக்கு 20 நானோ என்று வைத்துக்கொண்டு தொடரலாம், மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்.

20 நானோ தகட்டோடு 22 நானோ சேர்த்தால் 20-ஐ 42-ஆல் வகுக்கிறோம். சிக்னல் ஏறத்தாழ பாதியாகும், டெசிபெல்லில் 6-க்குச் சற்று மேல் இறக்கம். 47 சேர்த்தால் 20-ஐ 67-ஆல் வகுக்க 30 சதவீதம் மிஞ்சும், சுமார் பத்தரை டெசிபெல். 100 சேர்த்தால் ஆறில் ஒரு பங்கு, பதினைந்தரை டெசிபெல். 220 சேர்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. விரலால் மீட்டும் கிட்டாருக்கு 22-இலோ 47-இலோ வேலை முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். டோலக், கஹோன் மாதிரி கையால் அறையும் வாத்தியங்களுக்கு 100-இல் தொடங்குங்கள்.

இரண்டு தகடுகளை ஒன்றாக இணைத்திருந்தால் அவை சேர்ந்து 40 நானோ ஆகிவிடும். அப்போது அதே 47 பாதிக்குச் சற்றுக் குறைவாக, 46 சதவீதம் விட்டுவைக்கும். அளவைக் கூட்ட வேண்டும். மாறாக, சாடில் பட்டை 500 பிக்கோ என்றால் 470 பிக்கோவே பாதியாக்கும். தகட்டுக்குச் சொன்ன 47 நானோவை அங்கே போட்டால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: யாரோ சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். எண் முக்கியமல்ல, உங்கள் பீசோவுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம்.

ஷீல்டு ஒயரும் ஒரு கெப்பாசிட்டர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ. 20 நானோ தகட்டுக்கு 5 மீட்டர் ஒயர் ஒரு பொருட்டே இல்லை. ப்ரீஆம்ப் இல்லாத 500 பிக்கோ பட்டைக்கோ அந்த ஒயரே சிக்னலைப் பாதியாக்கிவிடும். மேடை பெரிதாகி ஒயர் நீளமாகிவிட்ட அன்று கிட்டார் சத்தம் குறைந்துவிட்டது என்று சண்டை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளிப் போட்டுக் கேட்பது

எதையும் ஈயம் வைத்து ஒட்டும் முன் காதால் கேளுங்கள். பி 38 சாக்கெட்டின் பின்னால் இரண்டு காதுகள் இருக்கும். பிளக்கைச் சொருகும்போது அதன் நுனியைத் தொடும் தகட்டோடு சேர்ந்தது சிக்னல். பிளக்கின் உடலைத் தொடுவது எர்த். பீசோவின் வெள்ளிப் பக்கத்து ஒயர் சிக்னலுக்கு, பித்தளைப் பக்கத்து ஒயர் எர்த்துக்கு. இப்போது முதலைக் கிளிப்பால் கெப்பாசிட்டரின் ஒரு காலை சிக்னல் காதிலும் இன்னொன்றை எர்த் காதிலும் பிடியுங்கள். ஃபிலிம் வகைக்குத் திசை இல்லை, எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான்.

ஆம்ப்ளிஃபயர் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் கிளிப்பை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஸ்பீக்கர் திடுக்கென்று குதிக்கும். கெப்பாசிட்டர் இல்லாமல் ஒருமுறை, 22-ஓடு ஒருமுறை, 47-ஓடு ஒருமுறை, 100-ஓடு ஒருமுறை என்று ஒரே பாட்டின் ஒரே இடத்தை வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை ஏற்றிச் சமன்செய்துகொண்டு ஒப்பிடுங்கள். சமன்செய்யாமல் கேட்டால் சத்தமாக இருப்பதே நல்லது என்று காது ஏமாறும். மேடையில் உங்கள் கை எவ்வளவு வேகத்தில் விழுமோ அதே வேகத்தில் அடியுங்கள். அறைக்குள் உட்கார்ந்து மென்மையாக வாசித்து முடிவெடுத்தால், ஆடி மாதம் தெருவில் கூட்டத்துக்கு நடுவே வாசிக்கும்போது எல்லாம் மறுபடி உடையும்.

மிகப் பலமான அடியிலும் ப்ரீஆம்பின் சிவப்பு எல்இடி எப்போதாவது ஒரு முறை மட்டும் மினுக்கும் அளவில் நிறுத்துங்கள். அதற்குமேல் கெப்பாசிட்டரைக் கூட்டிக்கொண்டே போனால் சிக்னல் சிறுத்து, பிறகு கெய்னை ஏற்றும்போது ப்ரீஆம்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் கூடவே ஏறும். இரண்டு அளவுக்கு நடுவில் வேண்டும் என்றால் கெப்பாசிட்டர்களைப் பக்கம் பக்கமாகப் பிடித்துக் கூட்டிக்கொள்ளலாம். 22-உம் 47-உம் சேர்ந்தால் 69.

ஈயம் வைப்பது

தகட்டிலேயே ஒயர் ஒட்டியிருப்பதை வாங்கினால் பாதி வேலை மிச்சம். நீங்களே ஒட்டுவதென்றால் வெள்ளிப் பூச்சில் அயர்னை இரண்டு விநாடிக்குமேல் வைக்காதீர்கள். ஒயர் நுனியில் முன்கூட்டியே ஈயம் ஏற்றிக்கொண்டு, தகட்டில் ஒரு பொட்டு வைத்து, இரண்டையும் சேர்த்துத் தொட்டு எடுத்துவிட வேண்டும். சூடு அதிகமானால் பூச்சு உரிந்து வரும், பீங்கானும் தன் பீசோ குணத்தை இழக்கும். பித்தளையில் ஒட்டும்போது விளிம்போரமாக, பீங்கானிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. பித்தளை மினுமினுப்பாக இல்லையென்றால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வையுங்கள்.

கெப்பாசிட்டரின் இடம் சாக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவில். தகட்டின் பக்கத்திலும் வைக்கலாம், மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சாக்கெட்டில் இருந்தால் நாளைக்கு மாற்ற வேண்டுமானால் நட்டைக் கழற்றி வெளியே இழுத்து மாற்றிவிடலாம். கால்களை ஒரு சென்டிமீட்டருக்கு வெட்டி, ஸ்லீவ் மாட்டி, அந்தந்தக் காதில் ஏற்கெனவே இருக்கும் ஒயரோடு சேர்த்து ஈயம் வையுங்கள். பொட்டு பளபளப்பாகப் படர்ந்து நின்றால் சரி. மங்கலாக, உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி சூடாக்குங்கள். ஒயர் மரத்தில் தொங்கி ஆடாதபடி இரண்டு இடத்தில் டேப் போட்டு நிறுத்துங்கள். ஆடும் ஒயர் பெட்டியில் மோதும் ஒவ்வொரு முறையும் பீசோ அதைக் கேட்டுச் சொல்லும்.

பலருடைய வாத்தியத்துக்கும் வேலை செய்பவர்கள் கெப்பாசிட்டரை உள்ளே வைக்காமல், இரண்டு பி 38 சாக்கெட் பொருத்திய சின்ன டப்பாவில் சுழல் ஸ்விட்ச் வைத்து மூன்று நான்கு அளவுகளைப் போட்டுக்கொள்ளலாம். கானா கச்சேரியில் டோலக் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும். ஒருவர் தடவி வாசிப்பார், அடுத்தவர் பிளந்துகட்டுவார். டப்பா இருந்தால் பாட்டுக்கு நடுவிலேயே ஒரு சொடுக்கில் சமாளிக்கலாம். டப்பா உலோகமாக இருக்கட்டும், எர்த்தோடு இணையுங்கள்.

ப்ரீஆம்ப் உள்ள கிட்டாரில்

பக்கவாட்டில் குமிழ்களும் ட்யூனரும் உள்ள கிட்டார் என்றால் பீசோவுக்கும் வெளிச் சாக்கெட்டுக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. அங்கே வெளிச் சாக்கெட்டில் கெப்பாசிட்டர் வைத்துப் பயனில்லை. ப்ரீஆம்ப் தள்ளும் சக்தி உள்ளது, நம் கெப்பாசிட்டரைப் பொருட்படுத்தாமல் தள்ளும். அளவு பெரிதானால் மேல்சுரங்கள் மழுங்கும், ப்ரீஆம்பே கூடத் தடுமாறலாம். வைக்க வேண்டியது பீசோ ஒயர் ப்ரீஆம்புக்குள் நுழையும் இடத்தில். ஆனால் வாரண்டி இருக்கும் கிட்டாரைப் பிரிக்காதீர்கள். பேட்டரியை மாற்றிப் பாருங்கள் முதலில். 9 வோல்ட் பேட்டரி தேய்ந்து 7-க்கு வந்தால் அலைக்கு இடம் அந்த அளவுக்குக் குறையும், அறிகுறியும் அச்சு அசல் இதே உடைவுதான்.

மிக்ஸரில் நேராகச் சொருகுபவர்களுக்கு

ப்ரீஆம்ப் வாங்கக் காசில்லை, தகட்டை நேராக மிக்ஸரில் சொருகுகிறேன் என்பவர்கள்தான் இந்தப் பக்கம் அதிகம். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10,000 ஓம் அல்லது அதற்குச் சற்று மேல். 20 நானோ தகட்டுக்கு அங்கே எல்லை சுமார் 800 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே எல்லாம் மெலிந்து போகும். மைக் இன்புட் இன்னும் மோசம். அது 2,000 ஓம் அளவில் இருக்கும், எல்லை 4,000-க்கு ஏறிவிடும். கேட்கிற கீச்சு அதுதான்.

இங்கே 100 நானோ சேர்த்தால் மொத்தம் 120 ஆகி, லைன் இன்புட்டில் எல்லை 130 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். கேட்பவர்கள் பாஸ் ஏறிவிட்டது என்பார்கள். உண்மையில் பாஸ் ஏறவே இல்லை. முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருக்கிறது. துருத்திக்கொண்டிருந்த மேல்சுரங்கள் பாஸின் மட்டத்துக்கு இறங்கியிருக்கின்றன. அதனால் மிக்ஸரில் கெய்னைத் தாராளமாக ஏற்ற வேண்டியிருக்கும், இரைச்சலும் வரும். காதுகுத்துக் கல்யாணத்துக்கு இது போதும், ஒலிப்பதிவுக்குப் போதாது. 1 மெகா ஓம் இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்குவது நல்ல முதலீடு.

ஒரு எச்சரிக்கை. ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி மைக் பிளக்), மறு முனையில் பி 38 உள்ள ஒயரில் தகட்டை மைக் சாக்கெட்டில் சொருகும் பழக்கம் உண்டு. மிக்ஸரில் ஃபாண்டம் பவர் (மைக்குக்கு மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) எரிந்துகொண்டிருந்தால் 48 வோல்ட் நேராகத் தகட்டின் மேல் ஏறும், ஸ்பீக்கரும் ‘டம்’ என்று உதைக்கும். சொருகும் முன் அந்த ஸ்விட்ச்சைப் பாருங்கள்.

இதனால் ஆகாதவை

ஹம் போகாது. சீரியல் பல்பும் ஜெனரேட்டரும் சுற்றி இருக்கும் தெருக் கச்சேரியில் ‘ம்ம்’ என்ற ஓசை கேட்டால், கெப்பாசிட்டர் ஹம்மையும் இசையையும் ஒரே விகிதத்தில்தான் குறைக்கும். தகட்டின் வெள்ளிப் பக்கத்தை இன்சுலேஷன் டேப்பால் மூடி, அதன்மேல் செப்புத்தாள் சுற்றி, தாளை எர்த்தில் சேர்ப்பதுதான் அதற்கு வழி. ஃபீட்பேக்கும் போகாது. அது ஸ்பீக்கர் நிற்கும் இடத்தின் பிரச்சினை.

மேல்சுரத்தில் பிக்கின் (தந்தி மீட்டும் வில்லையின்) சொடுக்குச் சத்தம் மட்டும் உறுத்துகிறது என்றால், தகட்டிலிருந்து வரும் சிக்னல் ஒயருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் 2,200 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள். 20 நானோ தகடு, 47 நானோ கெப்பாசிட்டர் என்ற கணக்கில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மெல்ல வழுக்கத் தொடங்கும். சிலர் கெப்பாசிட்டரையே தொடராக, அதாவது சிக்னல் ஒயரை வெட்டி நடுவில் வைத்துவிட்டு அளவு குறையவில்லையே என்று வருவார்கள். தொடரில் வைத்தால் அது வேறு வேலை செய்யும்: 1 மெகா ஓம் இன்புட்டில் 1 நானோவைத் தொடராக வைத்தால் 165 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும். டோலக்கைக் கீழே வைக்கும்போது வரும் ‘தொம்’மைக் குறைக்க அது உதவும், அடக்க உதவாது.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் பித்தளையும் செம்பும் பச்சை பூக்கும். தகட்டின் விளிம்பில் படியும் ஈரமும் அழுக்கும் சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு கள்ள வழி திறந்துவிடும். பீசோ மாதிரி மெகா ஓம் கணக்கில் வேலை செய்யும் இடத்தில் அந்தக் கசிவே பாஸை உறிஞ்சப் போதும். பக்கவாட்டுக் கெப்பாசிட்டர் இருந்தால் எல்லை ஏற்கெனவே கீழே இருப்பதால் இந்தக் கசிவை அவ்வளவாக உணர மாட்டீர்கள். ஆனாலும் வேலை முடிந்ததும் தகட்டின் முகத்திலும் ஈயப் பொட்டுகளிலும் நெயில் பாலிஷை மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசிக் காயவிடுங்கள். சாக்கெட்டின் உள்தகடு கறுத்துப்போய்ச் சொருகும்போது கரகரத்தால், கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கும் முன் சாக்கெட்டை மாற்றிப் பாருங்கள்.